ஐந்து எண்கள், அறுபது நொடிகள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நவி மும்பையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், உணவு மேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்திருந்தனர். தலைமாட்டில் என் மகள். அவளுக்கு முன்னே நிமிர்ந்து நின்ற அட்டைத் தடுப்பு. அதன் பின்னே அவள் மட்டுமே பார்க்கக்கூடிய ஒரு நூல். மூவர் அவளுடைய கல்லூரித் தோழர்கள். நான்காமவன் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பையன். எட்டாம் வகுப்பு மாணவன். ஆட்டத்தில் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது.

மேசைமீது ஒரு கைப்பேசி அறுபதிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டிருந்தது. கல்லூரி மாணவர்கள் மூவரும் ஒருவரையொருவர் மறித்துப் பேசிக்கொண்டிருக்க, நாற்பது என்று கடிகாரம் காட்டிய வேளையில் பையன் "ஐந்து" என்றான். கூடம் அமைதியாயிற்று. மகள் கடிகாரத்தை நிறுத்தினாள். தேநீர் குடித்துவிட்டுத் தொடரலாம் என்று கூறி, நூலையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அப்பா, இந்த ஒரு பத்தியை மட்டும் படிச்சுப் பாருங்க. அவன் சொன்னதைப் பதிலா எடுத்துக்கணுமா, வேண்டாமா? எடுத்துக்கிட்டா அவங்க நாலு பேரோட கதையும் இன்னிக்கே முடிஞ்சிடும்."

முப்பது ஆண்டுகள் ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்தே பிழைத்தவன் நான். ஆனாலும் அந்தச் சிறிய பத்தி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது.

எந்த ஆட்டம், எந்த நூல்?

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட கதையாட்டம் இது. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்கிறார். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்கிறார்; பலன் உறுதியில்லாத இடங்களில் பகடை உருட்டுகிறார். உலகத்தை விவரிப்பதும், எதிரிகளின் சார்பில் பேசுவதும், முடிவு சொல்வதும் 'டஞ்சன் மாஸ்டர்' எனப்படும் ஒருவரின் பொறுப்பு. அவரை நாம் நடுவர் என்றே அழைக்கலாம். இங்கே வெற்றி தோல்வி என்று ஆட்டம் முடிவதில்லை. ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் வளர்ப்பவர்கள் உண்டு. அதனாலேயே ஒரு பாத்திரத்தின் மரணம் மேசையைச் சுற்றியிருப்போருக்குச் சிறிய செய்தியன்று.

நடுவர் கதையைத் தாமே புனையலாம். அச்சில் வந்த சாகசநூல் ஒன்றை வாங்கியும் நடத்தலாம். அத்தகைய நூல்களில் புகழ்பெற்றது 'ஒயிட் பிளூம் மவுண்டன்'. லாரன்ஸ் ஷிக் எழுதி, டி.எஸ்.ஆர். நிறுவனம் 1979-இல் வெளியிட்டது. அந்த நிறுவனத்தில் வேலை கேட்டபோது தம் திறமைக்குச் சான்றாக ஷிக் எழுதிக் கொடுத்த படைப்பு அது. அதுவே நூலாகவும் அச்சேறியது. 2004-இல் 'டஞ்சன்' என்னும் இதழ் முப்பது சிறந்த சாகசநூல்களை வரிசைப்படுத்தியபோது ஒன்பதாம் இடம் இதற்குக் கிடைத்தது. 2017-இல் வெளிவந்த ஏழு சாகசங்களின் தொகுப்பு ஒன்றில், புதிய விதிகளுக்கேற்ப மீண்டும் இடம்பெற்றது. என் மகள் கையில் இருந்தது அந்தத் தொகுப்பே.

கதை எளியது. கெராப்டிஸ் என்னும் மந்திரவாதி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலைக்குள் மறைந்துபோனான். இப்போது ஒரு திரிசூலம், ஒரு சம்மட்டி, ஒரு வாள் என மந்திர ஆயுதங்கள் மூன்று களவுபோகின்றன. அவை அந்த மலைக்குள் இருப்பதாகச் செய்தி வருகிறது. தேடிச் செல்வோரை வழியெங்கும் சோதனைகள் எதிர்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் அன்று மாலை எங்கள் மேசைமேல் நின்றது.

ஐந்து கோலெம்கள்

ஓர் அறை. ஐந்து கோலெம்கள் நிற்கின்றன. கோலெம் என்பது யூதர்களின் நாட்டுக்கதைகளில் வரும், களிமண்ணால் ஆகி மந்திரத்தால் உயிர்பெற்ற உருவம். இந்த அறையில் நிற்பவை பிணங்களின் உறுப்புகளைத் தைத்து எழுப்பியவை. போரில் எளிதில் வெல்ல முடியாதவை. ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண்: 5, 7, 9, 11, 13.

ஐந்தாம் எண்ணுடைய கோலெம் பேசுகிறது. அதன் பேச்சின் சாரம் இவ்வளவே: எங்களுள் ஒருவர் மற்றவர்களோடு சேராதவர். அவரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அவர் உங்களுக்குப் பணிசெய்வார், மற்றவர்கள் வழிவிடுவார்கள். தவறாகத் தேர்ந்தெடுத்தால் உங்களைக் கொல்வோம். உங்களுக்கு அறுபது நொடிகள்.

நடுவருக்கென்று நூல் தரும் விடை: ஒன்பது. மற்ற நான்கும் பகா எண்கள். ஒன்பது மட்டும் மூன்றால் வகுபடும்.

படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. மேசையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்போதுதான் எத்தனை இடங்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன என்று தெரிகிறது.

சொல்லப்படாத நான்கு

முதலாவது, தேர்ந்தெடுப்பவர் யார்? ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே சொல் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். தமிழில் எழுதியிருந்தால் 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். குழு கூடித் தேர வேண்டுமா, எவர் வாயிலிருந்து ஓர் எண் வந்தாலும் அது குழுவின் விடையா? தமக்குள் ஆராய்வதற்கும் கோலெமிடம் விடையளிப்பதற்கும் இடையிலுள்ள கோடு எங்கே?

இரண்டாவது, அறுபது நொடிகள் யாருடைய கடிகாரத்தில்? 1979-இல் வழக்கிலிருந்த விதிகளின்படி போரின் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். ஆகவே அறுபது நொடி என்பது ஒரே ஒரு சுற்று. 2014-இல் வந்த விதிகளில் ஒரு சுற்று ஆறு நொடிதான். அதே அறுபது நொடி இங்கே பத்துச் சுற்றாகிவிடுகிறது. அதற்குள் ஒரு மந்திரவாதி பத்து மந்திரங்களைக் கையாண்டு பார்க்கலாம். நூலின் சொல் மாறவில்லை. அதைச் சூழ்ந்த விதி மாறியதால் அதன் பொருள் மாறிவிட்டது. இது போதாதென்று, கதைக்குள் ஓடும் நேரமா, மேசையில் ஓடும் நேரமா என்ற ஐயமும் உண்டு.

மூன்றாவது, நேரம் முடிந்தும் எவரும் வாய் திறக்காவிட்டால் என்ன? தவறாகத் தேர்ந்தால் மரணம் என்று கோலெம் சொல்கிறது. தேராமலே நின்றால் என்ன ஆகும் என்று அதன் பேச்சில் இல்லை.

நான்காவது, காரணம் வேண்டுமா? ஒன்பது என்று குருட்டாம்போக்கில் சொன்னாலும் போதுமா? வேறோர் எண்ணை நல்ல காரணத்தோடு சொன்னால்?

அந்த நான்காவது ஐயமே எங்கள் வீட்டுப் பையனுடையது. ஏன் ஐந்து என்று கேட்டபோது அவன் சொன்ன காரணம் இது: "ஐந்து மட்டும்தான் பேசுகிறது. மற்ற நான்கும் பேசவே இல்லை."

விடை ஒன்றுதானா?

கணக்கில் சற்று ஈடுபாடு உள்ளவர்கள் இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பதினொன்றைச் சேராதது என்று சொல்ல முடியும்: அதில் மட்டுமே ஒரே இலக்கம் இருமுறை வருகிறது. ஐந்தைச் சொல்ல முடியும்: அதன் வர்க்கமான இருபத்தைந்து மட்டுமே அந்த எண்ணிலேயே முடிகிறது. பதின்மூன்றைச் சொல்ல முடியும்: மேலைநாட்டார் அதை மட்டுமே தீய எண் என்று ஒதுக்குகின்றனர். ஒன்பதுக்கோ காரணங்கள் பல. அது பகு எண், முழு வர்க்கம், நடுவில் நிற்பது.

இத்தனை விடைகளுக்கும் இடமுண்டு என்றால் வினாவே பழுதுடையதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வினாவை மீண்டும் படித்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. 'மற்றவர்களோடு சேராதவர்' என்றால் அந்த மற்றவர்கள் தமக்குள் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பதினொன்றை நீக்கினால் எஞ்சும் நான்கையும் இணைப்பது எது? இலக்கம் இருமுறை வராமை என்னும் ஓர் இன்மை மட்டுமே. பதின்மூன்றை நீக்கினாலும் அப்படியே. ஒன்பதை நீக்கிப் பாருங்கள்: 5, 7, 11, 13 என்று அடுத்தடுத்து வரும் பகா எண்கள் நான்கு, இடையில் எதுவும் விடுபடாமல் நிற்கின்றன. அதற்கு ஒரு குலப்பெயரும் இருக்கிறது. ஆகவே ஒன்பது மற்ற விடைகளைவிட வலுவான விடை.

ஆனால் பையனின் காரணம் இந்த அளவுகோலையும் தாண்டி நின்றது. நான்கு ஊமைகள், ஒரு பேச்சாளன். ஊமை என்பதும் ஒரு குலம்தானே? அதை மறுக்க இன்னொரு கோட்பாடு தேவைப்பட்டது. ஆவணங்களைப் படிப்போர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கோட்பாடு அது: ஒரு வாசகத்தில் எந்தச் சொல்லும் வீணாக இடப்பட்டதாகக் கொள்ளக்கூடாது. பேச்சுதான் அடையாளம் என்றால் மார்பில் எண்கள் எதற்கு? எண்களைப் பயனற்றதாக்கும் பொருளைவிட, எண்களுக்கு வேலை கொடுக்கும் பொருளே ஏற்கத்தக்கது.

எழுதியபடி, கருதியபடி, மகிழும்படி

இத்தகைய ஐயங்கள் இந்த ஆட்டத்துக்குப் புதியவை அல்ல. 1979 நவம்பரில் 'டிராகன்' இதழ் 'சேஜ் அட்வைஸ்' என்ற பகுதியைத் தொடங்கியது. வாசகர்கள் அனுப்பிய விதி ஐயங்களுக்கு ஜீன் வெல்ஸ் என்பவர் அதில் விடையளித்தார். அதே பெயரில் 2015-இல் ஜெரமி க்ராஃபோர்ட் எழுதியபோது, ஒரு விதியை மூன்று வழிகளில் படிக்கலாம் என்று வகுத்துக் காட்டினார். விதி எழுதப்பட்டுள்ளபடி; எழுதியவர் கருதியபடி; மேசையில் இருப்போர் மகிழும்படி.

சமையலறையில் நின்றபடியே நாங்கள் மூன்றையும் பார்த்தோம். எழுதியபடி படித்தால் கோலெம் காரணம் கேட்கவில்லை, தேர்வை மட்டுமே கேட்கிறது. கருதியபடி படித்தால் இது எண்களைப் பற்றிய புதிர். அறுபது நொடி என்பது ஆடுவோரைப் பதறவைக்கும் உத்தி. மகிழும்படி படித்தால், கூச்சத்தோடு முதன்முறையாக வாய் திறந்த ஒரு சிறுவனின் ஒரே சொல்லால் நால்வரின் கதையையும் முடிப்பது எவருக்கும் மகிழ்ச்சி தராது. ஆனால் தவறான விடையைச் சரியென்று ஏற்றுக்கொண்டால், அடுத்த புதிரை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். தோல்விக்கு இடமில்லாத சோதனை சோதனையாகாது.

மகாபாரதத்தின் நச்சுப்பொய்கை எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கும் விடையளித்தால் உயிர், இல்லையேல் மரணம். ஆனால் தம்பியருள் ஒருவனை மட்டும் உயிர்ப்பிப்பேன் என்ற யட்சனிடம் தருமன் நகுலனைக் கேட்டபோது, யட்சன் ஏன் என்று கேட்கிறான். குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்ற காரணத்தைக் கேட்ட பின்னரே நால்வரையும் எழுப்புகிறான். யட்சன் காரணத்தை எடைபோடும் நடுவன். கோலெம் அப்படியன்று, விடையை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும் காவலன். எதிரே நிற்பது யட்சனா, கோலெமா என்பதை அறிவதும் தேர்வில் ஒரு பகுதியே.

காசோலையில் உள்ள விதி

வங்கி வாடிக்கையாளர்கள் இத்தகைய ஐயத்தை அடிக்கடி கையில் ஏந்துகிறார்கள். ஒரு காசோலையில் தொகையை இருமுறை எழுதுகிறோம், எண்ணால் ஒருமுறை, எழுத்தால் ஒருமுறை. இரண்டும் வேறுபட்டால் எது செல்லும்? 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் தன் 18-ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது: எழுத்தால் எழுதிய தொகையே தொகை. ஓர் எண்ணில் ஒரு சுழியம் கூடுவதும் குறைவதும் எளிது. எழுத்தில் அத்தகைய பிழை அரிது என்பது இதிலுள்ள நியாயம். நடைமுறையில் அத்தகைய காசோலை பணமாகாமல் திரும்பி வரவும் கூடும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுவதே நலம்.

அந்தச் சட்டத்தை வகுத்தவர்கள் ஐயம் எழும் இடத்தை முன்பே கண்டு, அதற்கொரு தீர்வையும் எழுதி வைத்தார்கள். எல்லா ஆவணங்களுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. அப்போது நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் கோட்பாடுகளுள் ஒன்று, ஐயம் எழுந்தால் ஆவணத்தை எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்வது. காப்பீட்டு ஒப்பந்தங்களில் இந்திய நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றியுள்ளன. சொற்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு தரப்பிடமே இருந்தது. தெளிவாக எழுதும் வாய்ப்பும் அவருக்கே இருந்தது. ஆகவே தெளிவின்மையின் சுமையை மறுதரப்பு சுமக்கலாகாது. சொற்கள் தெளிவாக இருக்கும் இடத்தில் இந்தக் கோட்பாட்டுக்கு வேலையில்லை.

இதை நான் சொன்னதும் மகள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்போ இங்கே எழுதினவ நான்தானே அப்பா? புத்தகம் அவங்ககிட்ட இல்லையே. யார் சொன்னா பதில்னு நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள்.

மேசையில் வந்த முடிவு

தேநீர்க் கோப்பைகளோடு அவள் திரும்பிச் சென்றாள். அவள் அறிவித்தது இதுதான். தமக்குள் பேசுவது விடையாகாது. கோலெமை நோக்கி, "இதுவே எங்கள் விடை" என்று சொன்னால்தான் விடை. இதை முன்பே சொல்லாதது தன் பிழை என்பதால், பையன் சொன்னது கணக்கில் வராது. கடிகாரம் நின்ற இடத்திலிருந்தே ஓடும். அறுபது நொடியும் மேசைக் கடிகாரத்தின் நொடிகளே. அது முடிந்தும் விடை வராவிட்டால் கோலெம்கள் தாக்கும்.

பிறகு கோலெமின் கரகரத்த குரலில் பையனைப் பார்த்துச் சொன்னாள்: "என் வாயைப் பார்க்காதே. என் மார்பைப் பார்." ஐந்து விடையன்று என்று அவள் சொல்லவில்லை. அவனுடைய காரணத்தை அவள் கேட்டிருந்தாள் என்பதையும், எண்களே வினா என்பதையும் அந்தச் சொற்கள் உணர்த்திவிட்டன.

கடிகாரம் மீண்டும் ஓடியது. பன்னிரண்டு நொடி எஞ்சியிருக்கையில் அவர்கள் ஒன்பது என்று முடிவு செய்து, கோலெமை நோக்கி முறைப்படி அறிவித்தார்கள். அவர்கள் கண்ட காரணம் நூலிலுள்ள காரணமன்று. பையன்தான் அதைக் கண்டு சொன்னான்: ஐந்தும் பதின்மூன்றும் ஓர் இணை, ஏழும் பதினொன்றும் ஓர் இணை, இரண்டு இணைகளுக்கும் கூட்டுத்தொகை பதினெட்டு, ஒன்பதுக்கு மட்டும் இணையில்லை. பகா எண் என்ற பேச்சே எழவில்லை.

மகள் ஒரு நொடியும் தயங்கவில்லை. ஒன்பதாம் கோலெம் முன்வந்து தலைவணங்கியது. மற்றவை விலகி நின்றன. காரணம் கேட்கப்படவில்லை என்பதே எழுத்து. ஐந்து என்ற விடைக்கு நல்ல காரணம் இருந்தும் அது விடையாகாது என்றால், ஒன்பது என்ற விடைக்கு வேறு காரணம் இருந்தாலும் அது விடையே. அளவுகோலை இரு பக்கமும் ஒன்றுபோல் வைத்தபோது எழுத்தின் கண்டிப்பே அவர்களுக்குத் துணையாயிற்று.

ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது நூலிலுள்ள காரணத்தை அவள் சொன்னாள். பையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தன் காரணமும் சரிதானே என்று கேட்டான். சரிதான் என்றாள். ஐந்துக்குச் சொன்னதும் சரிதானே என்றான். அதுவும் நல்ல காரணம்தான், ஆனால் அந்த வினாவுக்குரியதன்று என்றாள். அவன் முழுமையாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு நேரத்துக்கு முன்பே வந்து அமர்ந்துவிட்டான்.

மகளின் அட்டைத் தடுப்பின் உட்பக்கத்தில் இப்போது ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் முன் அவள் படித்துப் பார்த்துக்கொள்ளும் நான்கு வினாக்கள்: யார் சொன்னால் விடை? எந்தக் கடிகாரம்? சும்மா இருந்தால் என்ன? காரணம் கேட்பதுண்டா? கையெழுத்திடுவதற்கு முன் எந்தப் பத்திரத்தின்மீதும் வைத்துப் பார்க்கத் தக்க வினாக்கள் இவை என்று எனக்குத் தோன்றியது. என் மேசை இழுப்பறையிலும் ஒரு படி எழுதி வைத்திருக்கிறேன்.